டீசலா, பெட்ரோலா? – ஒரு காரோட்டியின் கணக்கு

"டீசல் கார் வைத்திருக்கிறேன்; அதை விட்டுப் பெட்ரோலுக்கு மாறலாமா?" இந்த வினாவுக்கு ஊரில் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. டீசல் வைத்திருப்பவர், "டீசலுக்கு ஈடு ஏது?" என்பார். பெட்ரோல் வைத்திருப்பவர், "இந்தக் காலத்திலும் டீசலா?" என்று சிரிப்பார். இருவரும் தத்தம் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்களேயன்றிக் கேட்டவருடைய ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தகைய சாலை, எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பவர் அரியர். அந்தக் கேள்விகளைக் கேட்காமல் எந்த எரிபொருளையும் நல்லது என்றோ தீயது என்றோ சொல்ல இயலாது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்பனை உதாரணம் வேண்டாம். என் பெரியம்மா மகனுடைய வழக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கின் விவரம்

அண்ணன் தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கிறார். சில ஆண்டுகள் மானேசரில் வேலை பார்த்தார். போக வர நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர். பெரும்பகுதி ஜெய்ப்பூர் நெடுஞ்சாலை. அந்த ஓட்டத்துக்காக 2018இல் பதிவான டீசல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அது பி.எஸ்.-4 தரத்து வண்டி. பின்னர் வேலை நேரு பிளேசுக்கு மாறியது. போக 12, வர 12. ஆக 24 கிலோமீட்டர். அதுவும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் வெளிவட்டச் சாலை.

இப்பொழுது அவர்முன் மூன்று வழிகள் உள்ளன. பழைய டீசலையே ஓட்டுவது, அதை விற்றுப் புதிய டீசல் வாங்குவது, பெட்ரோலுக்கு மாறுவது. பெரியப்பா நாமக்கல்லில் முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். "டீசல் எஞ்சின்தான் உழைக்கும்" என்பது அவர் தீர்ப்பு. அலுவலக நண்பர்களோ பெட்ரோல் என்கிறார்கள். புதிய டீசல் காருக்கு முன்பணம் கட்டுவதென்றால், தங்கையின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கிய தொகையில் கை வைக்க வேண்டும். ஆகவே, "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன்; கணக்குப் போட்டுச் சொல்" என்றார். கார் வாங்கி அறியாத மாணவனாகிய நான் போட்ட கணக்கு இது.

பொறியும் அழுத்தமும்

முதலில் இவ்விரு எஞ்சின்களும் எங்கே வேறுபடுகின்றன என்று காண்போம். ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஆட்டோ என்பவர் 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை இயக்கிக் காட்டினார். பெட்ரோல் கார் அந்த வழி வந்தது. எரிபொருளும் காற்றும் கலந்த கலவை உருளைக்குள் நுழைகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. பிளக் ஒரு மின்பொறியைத் தட்டிவிட, கலவை எரிகிறது.

ருடால்ஃப் டீசல் வேறு வழியில் சிந்தித்தார். காற்றை மட்டும் உள்ளே விட்டு மிகக் கடுமையாக அழுத்தினால் அதன் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளாதா என்பது அவர் எண்ணம். 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் சோதனையில் வெற்றி பெற்றது. எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றியது. அந்நாளைய நீராவி எஞ்சின்கள் பத்துப் பங்கை எட்டவே திணறிக்கொண்டிருந்தன.

இதன் கணிதம் எளிது. காற்றைச் சூடு வெளியேறாதபடி பதினாறில் ஒரு பங்காக அழுத்தினால், அதன் வெப்பநிலை 16இன் 0.4 அடுக்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 3 மடங்கு உயரும். தொடக்கத்தில் 27 டிகிரி சென்டிகிரேடு என்றால் அது 300 கெல்வின். மும்மடங்கு 900 கெல்வின். 600 டிகிரிக்கும் மேல். உருளைச் சுவர் சிறிது சூட்டை வாங்கிக்கொண்டாலும், மீதியே டீசலைப் பற்றவைக்கப் போதும். பிளக் வேண்டியதில்லை.

பெட்ரோல் எஞ்சினில் இவ்வளவு அழுத்த முடியாது. எரிபொருள் முன்னரே காற்றோடு கலந்திருப்பதால், அளவு மீறி அழுத்தினால் பொறி விழுமுன்பே கண்ட இடத்தில் வெடித்து, உருளையைச் சுத்தியால் தட்டுவதுபோல் ஒலிக்கும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதுதான். ஆகவே பெட்ரோலின் அழுத்த விகிதம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டோடு நிற்கிறது. டீசலில் பதினைந்து முதல் பதினெட்டு வரை செல்கிறது. அழுத்தம் மிகுந்தால் ஆற்றல் வீணாவது குறையும். மேலும் பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பாதி மூடிய வாயிலின் வழியே காற்றை இழுக்கப் பாடுபடுகிறது. டீசலுக்கு அத்தொல்லை இல்லை. நன்றாக ஓடும் நிலையில் பெட்ரோல் எஞ்சின் நூற்றுக்கு 35 பங்கை ஒட்டியும், டீசல் 40 பங்கை ஒட்டியும் வேலையாக மாற்றுகின்றன.

ஆதலால் பெரியப்பாவின் வாக்குக்கு அடிப்படை உண்டு. பத்து டன் பாரத்துடன் இரவு பகலாய் ஓடும் லாரிக்கு டீசல் பொருத்தமானது. ஆனால் லாரிக்குப் பொருந்துவது வெளிவட்டச் சாலையில் 24 கிலோமீட்டர் ஊரும் காருக்கும் பொருந்துமா என்பதே நம் வினா.

லிட்டரின் மயக்கம்

அண்ணனுடைய டீசல் கார் நகருக்குள் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது. அதே அளவுள்ள பெட்ரோல் காருக்கு நகருக்குள் 13 என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து கிலோமீட்டர் வேறுபாட்டைக் கண்டதும் டீசலின் திறமை என்று வியப்பது இயல்பு. ஆனால் எரிபொருளை லிட்டரில் அளக்கிறோம். எஞ்சினோ அதை எடையில் எரிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் வெப்பம் உண்டு. கலப்பில்லாத பெட்ரோலில் 32.

இன்னொன்றும் உண்டு. இந்நாட்டுப் பங்குகளில் 2025இல் பரவலாகிவிட்ட இ-20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான். ஐந்தில் நான்கு பங்கு பெட்ரோலையும் ஒரு பங்கு எத்தனாலையும் கூட்டினால் லிட்டருக்கு 30 மெகாஜூலை ஒட்டி வரும். ஆக, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதல்.

இப்பொழுது மீண்டும் பார்ப்போம். எஞ்சினின் திறமை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் 13 என்பது டீசலில் 15.6 ஆகியிருக்கும். அதற்கு மேற்பட்ட 2.4 கிலோமீட்டரே எஞ்சினின் கைவண்ணம். மீதி, லிட்டர் என்னும் படிக்குள் அடைந்து கிடந்த எடையின் செயல். மைலேஜை மட்டும் ஒப்பிடுவோர் இந்த மயக்கத்துக்கு ஆளாகின்றனர். ஒப்பிட வேண்டியது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ரூபாய்.

விலையின் கதை

டீசல் மலிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? லாரிக்கும் பம்புசெட்டுக்கும் பேருந்துக்கும் உதவுவது என்பதால் அரசு நெடுங்காலம் டீசல் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. பெட்ரோல் விலையை 2010 ஜூனிலேயே சந்தையிடம் விட்டுவிட்டனர். டீசல் மட்டும் காப்பாற்றப்பட்டது. 2012 மே மாத இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ. 73.18; டீசல் ரூ. 40.91. முப்பத்திரண்டு ரூபாய் இடைவெளி! அவ்வாண்டுகளில் கார் வாங்குவோரில் பாதிப்பேருக்கு மேல் டீசலை நாடியதில் வியப்பில்லை.

2013 ஜனவரி முதல் டீசல் விலை சிறுகச் சிறுக ஏற்றப்பட்டது. 2014 அக்டோபரில் அதையும் சந்தையிடம் விட்டனர். 2020 ஜூன் 24 அன்று தில்லியில் டீசல் பெட்ரோலையே முந்தியது. 2024 மார்ச்சு 15 அன்று பெட்ரோல் ரூ. 94.72, டீசல் ரூ. 87.62 என்று ஆயின. முப்பத்திரண்டு ரூபாய் இடைவெளி ஏழாகச் சுருங்கிவிட்டது. "டீசல் மலிவு" என்று அன்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. விலை மாறிய பின்னும் சொல் மாறாமல் நிற்கிறது, அவ்வளவே.

கூட்டல், கழித்தல்

இனிப் புதிய டீசல் வாங்குவது தகுமா என்று காண்போம். எளிமைக்காகப் பெட்ரோல் 95 ரூபாய், டீசல் 88 ரூபாய் என்று கொள்கிறேன். விலை மாறும்போது இவ்விரண்டு எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நகருக்குள் பெட்ரோலுக்கு 95ஐ 13ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ரூ. 7.31. டீசலுக்கு 88ஐ 18ஆல் வகுத்தால் ரூ. 4.89. மிச்சம் ரூ. 2.42.

ஆனால் டீசல் கார் வாங்கும்போதே விலை கூடுதல். அத்துடன் தில்லியில் டீசல் காருக்குச் சாலை வரியும் பெட்ரோல் காரைவிடக் காற்பங்கு அதிகம். எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் கூடுதல் என்று வைப்போம். அதைக் கடனாக, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுத் தவணையில் அடைத்தால் 1,53,000 ரூபாய் ஆகிவிடும். பராமரிப்பில் டீசலுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் அதிகம் என்றும் கொள்வோம்.

நாளுக்கு 24 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள். ஆக 7,200 கிலோமீட்டர். எரிபொருளில் மிச்சம் ரூ. 17,424. பராமரிப்பைக் கழித்தால் ரூ. 14,424. கூடுதலாய்க் கொடுத்த 1,53,000 ரூபாயை மீட்கப் பத்தரை ஆண்டுக்கும் மேலாகும்.

இதே கணக்கை மானேசர் ஓட்டத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் டீசல் 22, பெட்ரோல் 17 என்று கொண்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் ரூ. 1.59தான், நகரத்தைவிடக் குறைவு. ஆனால் ஆண்டுக்கு ஓடுவது 24,000 கிலோமீட்டர். பராமரிப்பு போகச் சுமார் 35,000 ரூபாய் மிஞ்சும். நாலரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

எஞ்சின் ஒன்றே, ஓட்டுகிறவரும் ஒருவரே. வேலை இடம் மாறியதும் விடை மாறிவிட்டது. டீசல் என்பது முன்பணம் கொடுத்து வாங்கும் சிக்கனம். மிகுதியாக ஓடுகிறவருக்கே அந்த முன்பணம் திரும்பக் கிடைக்கும்.

கரியும் வடிகட்டியும்

பணத்தோடு ஓட்டத்தின் தன்மையும் சேர்கிறது. டீசல் எஞ்சினுக்குள் எரிபொருள் துளித்துளியாய்த் தெளிக்கப்படுகிறது. துளியின் நடுவே காற்று போதாத இடத்தில் முழுதும் எரியாமல் கரி உண்டாகிறது. சூடு மிகுந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 விதி வந்தது. டீசல் கார் வெளியிடக்கூடிய கரித்துகளின் அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆயிற்று. இது பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் செய்வது புகைக்குழாயில் பொருத்தப்படும் வடிகட்டி, 'டி.பி.எஃப்.' என்று சர்வீஸ் நிலையங்களில் வழங்குவது. அது கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துச் சாம்பலாக்குகிறது.

அந்தச் சூடு வர வேண்டுமானால் கார் நிற்காமல், ஓரளவு வேகத்தில், கால் மணிக்குக் குறையாமல் ஓட வேண்டும். சிக்னல் தோறும் நின்று அரைமணியில் அலுவலகம் சேரும் காரில் இந்த எரிப்புத் தொடங்கும், பாதியில் நிற்கும், மறுநாள் மீண்டும் தொடங்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு அதற்கென்றே நெடுஞ்சாலைக்குப் போய் ஓட்டிவர வேண்டும். இல்லையேல் சர்வீஸ் நிலையத்தில் செலவு காத்திருக்கும். ஆகவே குறுகிய நகர ஓட்டத்துக்குப் புதிய டீசல் இயல்பிலேயே ஒவ்வாதது. அண்ணனின் பழைய வண்டியில் இந்த வடிகட்டி இல்லை. அதனால் அத்தொல்லையும் இல்லை. ஆனால் கரி முழுதும் வெளியே போகிறது.

தலைநகரின் சட்டம்

தில்லியில் கார் வைத்திருப்பவர் எஞ்சினோடு ஆணைகளையும் படிக்க வேண்டும். 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. பெட்ரோலுக்கு எல்லை பதினைந்து ஆண்டு. 2025 ஆகஸ்டு 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4க்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு இல்லை என்று திருத்தியது.

அண்ணனின் கார் 2028இல் பத்தாண்டை நிறைவு செய்யும். மேற்சொன்ன பத்தரை ஆண்டுக் கணக்கையும் இந்தப் பத்தாண்டு எல்லையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புதிய டீசல் தன் கூடுதல் விலையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அது தில்லிச் சாலையில் இருக்கலாமா என்பதே கேள்விக்குறியாகிவிடும். ஆணை நீளலாம், குறுகலாம். ஆனால் வண்டியை வாங்க வருபவர் அந்த ஐயத்தையும் சேர்த்தே விலை கேட்பார்.

குளிர்காலக் கட்டுப்பாடு வேறு உண்டு. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும்போது அறிவிக்கப்படும் மூன்றாம் நிலையில், பி.எஸ்.-4 டீசல் கார்களும் பி.எஸ்.-3 பெட்ரோல் கார்களும் தில்லியில் ஓடத் தடை. அந்நாட்களில் அண்ணனின் கார் வாசலில் நிற்க, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கேட்டில் ஏறாத செலவு

நிற்க. இதுவரை பணத்தைப் பற்றியே பேசினோம். பணத்தை மட்டும் பார்த்தால் ஓர் உண்மையை மறைக்கலாகாது: பழைய டீசலையே ஓட்டுவதுதான் அண்ணனுக்குச் சிக்கனம். அதன் கூடுதல் விலை என்றோ கொடுத்தாகிவிட்டது. பெட்ரோலுக்கு மாறினால் எரிபொருளில் மட்டும் ஆண்டுக்கு 17,000 ரூபாய்க்கு மேல் கூடும். புது வண்டிக்கான தொகையும் தேட வேண்டும்.

ஆயினும் இன்னொரு ஏடு இருக்கிறது. அதில் நாம் பற்று எழுதுகிறோம், பிறர் கட்டுகின்றனர். 2012 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அண்ணனின் பி.எஸ்.-4 கார் சட்டம் அனுமதித்த எல்லைக்குள் ஓடுவதாகவே கொள்வோம். கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம், ஆண்டுக்கு 7,200 கிலோமீட்டர். ஆக 180 கிராம் கரித்துகள்.

180 கிராம் என்ன பெரிது என்று தோன்றும். நுண்துகளுக்கு இந்நாடு வகுத்த ஒரு நாள் எல்லை, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். 180 கிராமை 60 மைக்ரோகிராமால் வகுத்தால் 30 லட்சம் கன மீட்டர் வருகிறது. அதாவது ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில், மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தூய காற்றை எல்லைவரை அழுக்காக்க அந்த 180 கிராம் போதும். அது ஒரே நாளில் வெளிவருவதில்லை. காற்றில் பரவிக் கலைகிறது என்பதும் மெய். ஆனால் தில்லியில் மார்கழியில் காற்று அசையாமல் தரையோடு படிந்து கிடக்கிறது. அப்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் குழந்தைக்கும், சிக்னலில் பலூன் விற்கும் பெண்ணுக்கும் அந்த மூன்று மீட்டர் காற்றே மூச்சு.

பெட்ரோலும் குற்றமற்றதன்று. கரியமில வாயுவில் டீசல் சற்றே நல்லது: நம் உதாரணத்தில் கிலோமீட்டருக்கு டீசல் 150 கிராம், பெட்ரோல் 165 கிராம் அளவில் வெளியிடும். உலகத்தின் சூட்டை மட்டும் எண்ணினால் டீசலுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் நெரிசல் மிகுந்த நகரத்தில் கரியும் நைட்ரஜன் ஆக்சைடுமே அருகிலிருப்பவரை முதலில் தாக்குகின்றன. இவ்விரண்டிலும் பி.எஸ்.-6 பெட்ரோல் கார், பி.எஸ்.-4 டீசலைவிடப் பல மடங்கு மேலானது.

மாறுகிறவர் அறிய வேண்டியவை

மாறுவதென்று முடிவு செய்தவர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பழைய பெட்ரோல் கார் வாங்குவதானால் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்கள் இ-20 பெட்ரோலைத் தாங்கும் பொருள்களால் ஆனவை. அதற்கு முந்தியவற்றில் ரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் எத்தனாலுக்கு ஏற்றவையா என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஓட்டும் முறை. 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 4,000 சுழற்சியைத் தாண்டியே 110ஐ எட்டும். டீசல் பழக்கத்தில் மேல் கியரில் மெதுவாக இழுத்தால் பெட்ரோல் எஞ்சின் திணறும். ஒரு கியர் இறக்கி ஓட்டக் கற்க வேண்டும்; முந்திச் செல்லும்போது கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

மூன்றாவது, பங்கில் நாக்குப் பிசகு. ஆண்டுக்கணக்கில் "டீசல்" என்று சொல்லிப் பழகிய வாய், பெட்ரோல் காருக்கும் அதையே சொல்லிவிடும். தவறாக நிரப்பிவிட்டால் சாவியைத் திருப்பாமல், வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, தொட்டியை முழுதும் வடிக்கச் செய்ய வேண்டும். டீசல் காரில் பெட்ரோல் ஊற்றினால் கேடு இன்னும் அதிகம். அதன் உயரழுத்தப் பம்புக்கு டீசலே எண்ணெய்ப் பசை. பெட்ரோல் அதைக் கழுவிவிட, உலோகம் உலோகத்தோடு உரசும்.

நான்காவது, பழைய வண்டி. தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே விற்க என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்று வேண்டும். "ஊருக்கு அனுப்பிவிடு" என்று பெரியப்பா சொன்னார். தமிழ்நாட்டில் பத்தாண்டு விதி இல்லை; ஆனால் அங்கே மறுபதிவும் வரியும் உண்டு. அதோடு, தில்லியில் குறையும் கரி வேறோர் ஊரில் சேரும் என்பதையும் எண்ண வேண்டும். நெரிசல் குறைந்த நெடுஞ்சாலையில் நீண்ட தொலைவு ஓட்டுபவர் கையில் அது சேர்ந்தால் தீமை குறையும். நகருக்குள் ஓடுமானால் இங்கே செய்ததை அங்கே செய்யும்.

முடிவு

மூன்று வழிகளில் புதிய டீசல் முதலில் விலகுகிறது. பணக் கணக்கு, வடிகட்டி, சட்டம் மூன்றும் அதற்கு எதிராக நிற்கின்றன. பழைய டீசலா, பெட்ரோலா என்பதில் பணம் ஒருபுறமும் பிறர் மூச்சு மறுபுறமும் இழுத்தன. அங்கே நான்காவது வழி ஒன்று தராசைச் சாய்த்தது. ராமகிருஷ்ணபுரத்தில் மெட்ரோ ஏறிக் கால்காஜி மந்திரில் மாறினால், அடுத்த நிலையமே நேரு பிளேஸ். வாரத்தில் பாதி நாள் மெட்ரோவில் சென்றால் காரின் ஓட்டம் பாதியாகும். பெட்ரோலால் கூடும் எரிபொருள் செலவும் பாதியாகி ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்குள் அடங்கும். ஓட்டம் குறையக் குறைய டீசலின் வாதம் மெலிகிறது.

அண்ணன் இக்கணக்கை இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு பழைய காரை விலை போகும்போதே விற்று, 2023க்குப் பின் வந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாகவே வாங்குவதென்று தீர்மானித்தார். தங்கையின் படிப்புப் பணத்தைத் தொடவில்லை. பெரியப்பாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, நீங்கள் சொன்னது லாரிக்குச் சரி, நான் ஓட்டுவது லாரி இல்லையே." பெரியப்பா மறுக்கவில்லை. "மானேசருக்கே வேலை திரும்பினால்?" என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. அப்படித் திரும்பினால் கணக்கை மறுபடி போட வேண்டியதுதான்.

அன்பர்களே, உங்களில் யாரேனும் இதே வினாவோடு நின்றால், என் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம், நாள்தோறும் ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய லிட்டரையும் ஒரு பழைய நோட்டில் குறித்து வாருங்கள். வாங்கும் விலையின் வேறுபாட்டை ஆண்டு மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் ஆண்டுகளை உங்கள் ஊரின் விதி அனுமதிக்குமா என்று கேளுங்கள். இறுதியாக, உங்கள் புகை எங்கே, யார் அருகில் வெளியேறுகிறது என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு நிறைவதற்குள் விடை கிடைத்துவிடும்.